ஏகாம்பரத்தின் மாற்றாள்

அரசனும் அவர் முன்னால் தலை குனிவான், ஆண்டியும் குனிவான். குனிய வைத்தவரோ கும்பிடு எதிர்பார்க்காமல் பக்கத்தில் நிற்பார். யார் அவர்?

முடிதிருத்துபவர். சரியாகச் சொன்னீர்கள்.

மலையடிவார ஊர் ஒன்றில் ஏகாம்பரம் என்பவர் கடை வைத்திருந்தார். அவர் கை படாத தலை அந்த ஊரில் இல்லை. பௌர்ணமிதோறும் மடத்துக்குப் போய்க் குருவுக்கு மொட்டையடிப்பவரும் அவர்தான். குரு அவரைவிட ஒன்பது வயது இளையவர்.

ஒரு பௌர்ணமியன்று ஏகாம்பரம் கத்தியை வெளியே எடுக்கவில்லை.

"சாமி, என் தம்பிக்குச் சிறுநீரகம் ஒன்றைக் கொடுக்கப் போகிறேன். மூன்று மாதம் நின்று வேலை பார்க்கக் கூடாதாம். திரும்பி வரும்போது எனக்கென்று ஒரு தலையாவது மிஞ்சுமா?"

"அதுவரை கடையை யார் பார்ப்பார், அண்ணே?"

ஏகாம்பரம் வாசலில் நின்ற நடுத்தர வயதுக்காரரைக் காட்டினார்.

"வீரபாகு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "வேலை சுமார்தான் சாமி. வேண்டுமென்றேதான் பிடித்தேன். கெட்டிக்காரனை உட்கார வைத்தால் ஊரே அவன் பக்கம் போய்விடுமே!"

குரு சிரித்தார். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வீரபாகுவின் முன்னால் போய் உட்கார்ந்தார்.

"ஆரம்பியுங்கள்."

ஏகாம்பரத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. குருவின் பின்மண்டையில், முடிக்குள் ஒரு மரு உண்டு. அது ஏகாம்பரத்தின் கைக்கு மட்டும்தான் தெரியும். கத்தி உச்சியிலிருந்து இறங்கியது. சொல்லலாமா, வேண்டாமா?

ரத்தம் வந்துவிட்டது.

"ஐயோ! அங்கே மரு இருக்கிறதய்யா!"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றார் வீரபாகு.

குரு ரத்தத்தை விரலில் தொட்டார். வீரபாகுவிடம் காட்டவில்லை. ஏகாம்பரத்திடம் காட்டினார்.

"இது யார் வெட்டியது, அண்ணே?"

மறுநாள் கடைக்கு இரண்டாவது நாற்காலி வந்தது. ஏகாம்பரம் இருபது நாள் ஓயாமல் பேசினார்.

"தபால்காரருக்கு இரட்டைச் சுழி. எதிர்த்துச் சீவினால் முடி சேவல் கொண்டையாகிவிடும். பால்காரர் தூங்கிவிடுவார், எழுப்பாதே. தலையைத் தாங்கிக்கொள்."

"அண்ணே, இது தலையா, தலபுராணமா?"

"வாயை மூடிக்கொண்டு கேளப்பா!"

இருபதாம் நாள் பால்காரர் வீரபாகுவின் கையில் குறட்டை விட்டு எழுந்தார். கண்ணாடியைப் பார்த்தார். "பலே!" என்றார். ஏகாம்பரத்துக்கு முதலில் சுருக்கென்றது. அடுத்த நொடி, அவரே பால்காரரைவிடச் சத்தமாக "பலே!" என்றார்.

புறப்படும் நாள். பஸ்ஸுக்கு அரைமணிதான் இருந்தது. ஐந்து வயது முகிலை அவன் அம்மா இழுத்து வந்தாள். ஏகாம்பரத்தைத் தவிர வேறு யார் கத்தரியை எடுத்தாலும் தெரு அதிர அலறுகிறவன் அவன்.

"நல்லவேளை, இன்னும் கிளம்பவில்லை! இவன் உங்களிடம்தான் உட்காருவான்."

ஏகாம்பரம் பையைக் கீழே வைத்தார்.

"அதை அவனே சொல்லட்டும் தாயி."

வீரபாகு குனிந்து, முகிலின் காதைப் பார்த்து, "காதே, காதே, பக்கத்தில் வரட்டுமா?" என்று கேட்டார். ஏகாம்பரம் முந்தின நாள்தான் அதைச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

முகில் இரண்டு நாற்காலிகளையும் பார்த்தான்.

வீரபாகுவின் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தான்.