தலைவர் பேசினால் அணைகிற கார்

பேரூராட்சித் தலைவர் அருணகிரியின் புதுக் காரில் பேட்டரி எச்சரிக்கை விளக்கு நினைத்தால் எரியும், நினைத்தால் அணையும். கூட்டத்தில் அவர் பேசும்போது காரே நின்று, அதில் மாட்டியிருக்கும் மைக்கும் செத்துப்போகும். ஷோரூமுக்குக் கொண்டுபோனால் மட்டும் சமர்த்தாக ஓடும்.

கடைசியில் தொண்டர்கள் சூழ மெக்கானிக் ஜெனோவாவின் பட்டறைக்கு வந்து இறங்கினார்.

"எதிர்க்கட்சிக்காரன் சூனியம் வச்சிருக்கான். எலுமிச்சம்பழம் நசுக்கியும் போகல. வண்டிமேல கை வைக்காம இப்பவே கோளாறைக் காட்டு. இல்லேன்னா உன் கடைக்குச் சீல்!"

ஜெனோவா எட்டிப் பார்த்தாள். முன் சீட்டில் செருப்புத் தடம்.

"வண்டியை ஸ்டார்ட் பண்ணிட்டு, கூட்டத்துல பேசுற மாதிரியே பேசுங்கய்யா."

தலைவர் சீட்டின்மேல் ஏறி, கூரைத் திறப்பில் தலையை நீட்டி, மைக்கில் தன் சாதனைகளை அடுக்கினார். விளக்கு எரியவில்லை.

"எதிர்க்கட்சியைப் பத்தியும் ரெண்டு வார்த்தை..."

"அந்தத் துரோகிகளை!" என்று தலைவர் ஓங்கி ஒரு மிதி மிதித்தார். விளக்கு எரிந்தது. இன்னொரு மிதி. வண்டியும் மைக்கும் சேர்ந்து அடங்கின.

"இந்த வண்டிக்கு பேட்டரி அந்த சீட்டுக்கு அடியிலதான் இருக்கு. ஒயர் லூசு. சூனியம் வச்சது உங்க கால்தான்யா."

தொண்டர்கள் சிரிப்பை மறைக்க மொத்தமாக இருமினார்கள். "சரிசரி, இறுக்கு" என்று தலைவர் டீக்கடைப் பக்கம் நடந்தார்.

ஜெனோவா ஸ்பேனரை எடுத்ததும் டிரைவர் பூவலிங்கம் ஓடிவந்து கும்பிட்டான். பின்னால் தொண்டர்கள் அத்தனை பேரும் கும்பிட்டார்கள்.

"அக்கா, இறுக்கிராதீங்க. அவர் பேச்சை நிறுத்த எங்களுக்கு வேற வழியே கிடையாது."