மடித்த தாளில் இருந்த வசவு

கோவையில் இணையக் கால்பந்து விளையாட்டு நடத்தும் நிறுவனம் ஒன்றில் ஆக்னஸ் கடைநிலை ஊழியர். ஆட்டக்காரர்கள் ஒருவரையொருவர் திட்டி எழுதும், எந்த அகராதியும் ஏற்காத சொற்களை நாளெல்லாம் படித்துத் தடைபோடுவது அவள் வேலை. 'புயல்' என்ற புனைபெயரில் திட்டி எழுதிய ஆட்டக்காரருக்குத் தடை போட்டதும், மேலாளர் சிவசைலம் கூட்டத்திலேயே குதித்தார்.

"அந்தப் பதிவை நான் பார்க்கல. பார்க்காமலே சொல்றேன், அது வெறும் கேலி! தடையை எடு. இல்லேன்னா வேலையை விட்டுட்டுப் போ."

முதலாளியம்மா கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எடுத்துடறேன் சார்." ஆக்னஸ் மடித்த தாள் ஒன்றை நீட்டினாள். "கேலிதானே? எல்லாருக்கும் கேட்கிற மாதிரி வாசிச்சுடுங்க."

சிவசைலம் தாளைத் தொடவே இல்லை. "கோல்கீப்பரோட அம்மாவை இழுத்ததையெல்லாம் பொம்பளைங்க முன்னாடி எப்படிம்மா வாசிக்கிறது?"

ஆக்னஸ் தாளைப் பிரித்துக் காட்டினாள். அதில் ஓர் எழுத்துகூட இல்லை.

"திட்டு வாங்கினது கோல்கீப்பர்னு நான் யார்கிட்டயும் சொல்லலையே சார். எழுதின 'புயலு'க்குத்தானே அது தெரியும்?"

முதலாளியம்மா மெல்ல எழுந்தார்.

"அந்த ஆட்டத்துல வேற பேர்ல கோல் காத்தது நான்தான், சிவசைலம். எங்கம்மா உங்களுக்கு என்ன பாவம் பண்ணாங்க?"