மிச்சத்தைக் காட்டிய முள்

முன்பொரு காலத்தில், ஒரு துறைமுக அலுவலகத்தில், கடல் ஏறி இறங்குவதைப் பிரித்துப் பார்க்கும் இயந்திரம் ஒன்று இருந்தது.

வெளியே குழாய்க்குள் கிடந்த மிதவை, தண்ணீரின் உயரத்தைக் கம்பி வழியே அதற்குச் சொல்லும். நிலவு இழுத்த பங்கைச் சந்திரச் சக்கரம் கழிக்கும். சூரியன் இழுத்ததைச் சூரியச் சக்கரம் கழிக்கும். கழித்தது போக எஞ்சியதைக் காட்டுவது ஒரு மெல்லிய முள்ளின் வேலை. பெரும்பாலும் எதுவும் எஞ்சாது. முள் பூஜ்யத்திலேயே நிற்கும்; பாராட்டெல்லாம் சக்கரங்களுக்குத்தான்.

ஒரு நாள் காலை, காற்றே இல்லாத வேளையில், முள் மேலே நகர்ந்தது.

"எங்கள் கணக்கில் பிழை என்கிறாயா?" என்று கேட்டது சந்திரச் சக்கரம்.

"அப்படிச் சொல்லவில்லை. தண்ணீர் கூடுதலாக இருக்கிறது. அதைத்தான் சொல்கிறேன்."

"அதை ஏற்றியது யார்?"

"தெரியாது."

"தெரியாததைச் சொல்லி எங்கள் மானத்தை வாங்காதே. பேசாமல் கீழே இறங்கு," என்றது சூரியச் சக்கரம்.

முள் இறங்கவில்லை.

அதிகாரி ரெஜினா கண்ணாடியைத் தட்டிப் பார்த்தார். முள் நடுங்கிவிட்டு அதே இடத்துக்கு வந்து நின்றது. உப்பு ஏற்றிய தோணியைச் செலுத்தும் தண்டல் சவேரி வாசலில் காத்திருந்தார்.

"வானம் பளிச்சுனு கெடக்கு மேடம். கெளம்பட்டுமா?"

"முள்ளு மாட்டிக்கிச்சு போல, அண்ணே. சரி பண்ணிட்டுச் சொல்றேன்."

அவர் மூடியைத் திறந்து, விரலால் முள்ளைப் பூஜ்யத்துக்குத் தள்ளினார். அதன் அடித்தண்டு வலித்தது. விரல் விலகியதும் முள் திரும்ப ஏறியது. மறுபடி அழுத்தித் தள்ளினார். மறுபடி ஏறியது, முன்பைவிட உயரமாக. முறிந்தால் முறியட்டும், இருப்பதை இல்லை என்று காட்டமாட்டேன் என்று அது பல்லைக் கடித்துக்கொண்டது.

ரெஜினா கையை எடுத்துவிட்டு ஜன்னல் வழியே பார்த்தார். இந்நேரம் வெளியே தெரிய வேண்டிய படித்துறைப் படிகள் தண்ணீருக்குள் கிடந்தன.

"அண்ணே, கயித்த அவுக்காதீங்க. எங்கயோ ஒரு புயல் தண்ணியத் தள்ளிட்டு வருது."

"பொட்டு மேகம்கூட இல்லையே மேடம்?"

"இல்லதான். ஆனா தண்ணி ஏறுது பாருங்க."

சவேரி படிகளைப் பார்த்தார். பிறகு ஆட்களைக் கரையிறங்கச் சொன்னார்.

மாலையில் புயல் வந்தது. தோணிகளில் சரக்கு ஏற்றும் கடற்பாலத்தின் மேலேறி அலை அடித்தது. கடலில் இருந்திருக்க வேண்டிய ஆட்கள் அத்தனை பேரும் கரையில் இருந்தார்கள்.

கடல் அடங்கிய பிறகு சந்திரச் சக்கரம் தயங்கித் தயங்கிக் கேட்டது: "அப்படியானால், இத்தனை காலம் நாங்கள் தப்பாகவா சுற்றினோம்?"

"இல்லை," என்றது முள். "நீங்கள் சரியாகச் சுற்றியதால்தான், உங்களுடையது அல்லாதது எவ்வளவு என்று எனக்குத் தெரிந்தது."