காலிக் கட்டம்

மடத்துக் கண் முகாமில் மறுநாள் அறுவை சிகிச்சை. இருநூற்றுப் பன்னிரண்டு பேரின் விவரங்களை மாசிலாமணி கணினியில் அட்டவணையாக ஏற்றியிருந்தார். வெளிநாட்டில் இருபது வருஷம் இதே வேலை. ஊர் திரும்பி, தன்னைவிட இளையவரான அடிகளிடம் சீடராகச் சேர்ந்தவர்.

கடைசிப் பத்தியில் ஒரு சூத்திரம் போட்டிருந்தார். அது ஒவ்வொரு வரிசையிலும் சர்க்கரை அளவைப் பார்க்கும். இருநூற்றுக்கு மேல் என்றால் ‘காத்திருக்க’. இல்லையென்றால் ‘தகுதி’.

“சாமி, மனுஷன் முகம் பார்த்துத்தான் தீர்ப்பு சொல்வான். இது யார் முகத்தையும் பார்க்காது. இதைவிட நியாயம் உண்டா?”

அடிகள் திரையருகே குனிந்தார். “நாளைக்கு முதல்ல யாரு?”

“தைலம்மை. தகுதி.”

“வாங்கய்யா, பார்த்துட்டு வருவோம்.”

கொட்டகையில் தைலம்மை தன் ‘தகுதி’ அட்டையைச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்தாள்.

“ரத்தம் எடுத்தாங்களாம்மா?”

“எங்க சாமி? என் முறை வந்தப்ப ஊசி தீர்ந்துபோச்சு. அப்புறம் வான்னாங்க. பார்த்தா அட்டையே வந்துடுச்சு. குத்தாமலே பாஸு!” சிரித்தாள்.

அடிகள் நர்ஸை அழைத்தார். ஒரு துளி ரத்தம். முந்நூற்று எண்பது.

“இந்த அளவோட கத்தி வச்சா புண் சீழ் பிடிக்கும் சாமி. கண்ணே போயிடும்” என்றாள் நர்ஸ்.

தைலம்மையின் சிரிப்பு நின்றது. “அப்ப எனக்குப் பார்வை கிடையாதா?”

“உண்டு. சர்க்கரை இறங்கட்டும்.”

திரும்பி வந்ததும் மாசிலாமணி அவள் வரிசையைத் தேடினார். சர்க்கரைக் கட்டம் காலியாக இருந்தது.

“காலியை இது பூஜ்யமா எடுத்துக்கிச்சு சாமி. பூஜ்யம் இருநூறுக்குள்ளதானே...”

சூத்திரத்தின் முன்னால் இன்னொரு சோதனை சேர்த்தார். கட்டம் காலியா? காலி என்றால்... அங்கே விரல் நின்றது.

“என்ன போடட்டும்? ‘தகுதியில்லை’?”

“அவங்க என்ன தப்பு பண்ணினாங்க?”

“‘விவரம் இல்லை’?”

“அவங்ககிட்ட இருந்துச்சே.”

மாசிலாமணி காத்திருந்தார்.

“‘நாம இன்னும் கேக்கல’ன்னு போடுங்க.”

போட்டார். பத்தி முழுவதும் ஒருமுறை துடித்து நின்றது. ஒன்பது வரிசைகளில் அந்த வாக்கியம் இருந்தது.

மாசிலாமணி ஒன்பது பெயர்களையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு, நர்ஸைத் தேடிக் கொட்டகைக்கு நடந்தார்.