கைக்கு எட்டிய கம்பி

இந்தக் கதையில் சிரிப்பு உண்டு. இப்போதே கேட்டால் கிடைக்காது. அதற்கு முன் ஒருவர் வழுக்கி விழ வேண்டியிருக்கிறது.

விழுந்தவர் ஆவுடையப்பன். எழுபதைத் தாண்டிய சீடர். குரு வடிவாம்பாள் அம்மாவோ அவரைவிட மிகவும் இளையவர்; அவர் தோள் உயரமே இருப்பார். மடத்தில் எல்லோருக்கும் ஒரே குளியலறை. சோப்பு நுரையில் கால் போனது. யாரும் பார்க்கவில்லை. முழங்கை வீங்கியதற்குக் கதவின் மேல் பழி போட்டார்.

விஷயம் தெரிந்தால் கோயம்புத்தூரிலிருந்து மகன் காரோடு வந்து நிற்பான். மடத்து வாசம் அத்தோடு முடிந்தது. அந்தப் பயத்தில் சில நாள் குளிக்காமலே விபூதியைக் குழைத்துப் பூசிக்கொண்டு பூசைக்கு வந்தார்.

ஒருநாள் மெல்லக் கேட்டார். "பயம் எப்படிப் போகும், அம்மா?"

"எதைப் பாத்துப் பயம், அண்ணாச்சி?"

"பொதுவாத்தான் கேட்டேன்."

"பொதுவாவா? சரி, குளியலறையைப் புதுப்பிக்கணும். எனக்குக் காலு ஒரு மாதிரி தடுமாறுது. எனக்குத் தோதா நீங்களே எல்லாம் பாத்து எடுங்க."

அம்மாவுமா? ஆவுடையப்பன் உடனே துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

கடைக்கு இருவரும் போனார்கள். விற்கிற பையன் பாட்டுப் போல இழுத்தான். "கண்ணாடி மாதிரி டைல்ஸ் ஐயா, குனிஞ்சா முகம் பாத்துக்கலாம்..."

"தண்ணி ஊத்து தம்பி."

ஊற்றினான். ஆவுடையப்பன் செருப்பைக் கழற்றிக் கட்டைவிரலை வைத்தார். விரல் விர்ரென்று ஓடியது. சட்டென்று காலை இழுத்துக்கொண்டார்.

"வேண்டாம். சொரசொரப்பா உள்ளதைக் காட்டு."

திருகு குழாயைத் தள்ளிவைத்தார். "சோப்புக் கைக்கு இது நிக்காது. கைப்பிடி நீளமா இருக்கிற குழாய் குடு." சுவரில் பதிக்கும் கம்பியும் கேட்டார். அதிலும் பளபளப்பு கூடாது.

"விழுந்து எந்திரிச்ச மாதிரியே சொல்றீங்களே ஐயா" என்றான் பையன்.

ஆவுடையப்பன் ஓரக்கண்ணால் பார்த்தார். அம்மா வாளிகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அம்மாவுக்காகக் கேக்கேன்டே."

"ஆமா, எனக்காகத்தான்" என்றார் அம்மா, திரும்பாமலே.

கம்பி பதிக்கிற அன்று கொத்தனார் உயரம் கேட்டார். பூசையறையிலிருந்து குரல் வந்தது. "அண்ணாச்சியை நிக்கச் சொல்லுங்க."

ஆவுடையப்பன் நின்றார். விழுந்த இடம் அதுதான். கண்ணை மூடினார். அன்று சுவரில் எதையாவது பிடிக்கத் தவித்த கை, தானாகப் போய் அதே இடத்தில் ஒட்டிக்கொண்டது. அந்த விரல்களைச் சுற்றிக் கொத்தனார் பென்சிலால் கோடு போட்டார்.

வேலை முடிந்தது. ஆவுடையப்பன் வாசலில் நின்றுகொண்டு, "நீங்க ஒருதரம் பிடிச்சுப் பாத்திருங்கம்மா. அப்பத்தான் எனக்குத் தூக்கம் வரும்" என்றார்.

அம்மா உள்ளே போய்க் கம்பிக்கு முன்னால் நின்றார். கம்பி அவர் நெற்றிக்கு நேரே இருந்தது.

"அடடா, உங்களுக்கு வாகா இல்லையே. கழட்டி இறக்கச் சொல்லட்டுமா?"

"எதுக்கு? எனக்குக் காலு நல்லாத்தான இருக்கு."

ஆவுடையப்பன் தரையைப் பார்த்தார். குழாயைப் பார்த்தார். கம்பியை வெகுநேரம் பார்த்தார். காது மடல் சிவந்தது.

"எம் மகனுக்குச் சொல்லிட்டீங்களா?" மெல்லக் கேட்டார்.

"அவன் எதுக்கு, அண்ணாச்சி? குளிக்கப்போறது நீங்கதான?"