பொரி யார் வீட்டுக்குப் போக வேண்டும்?

தீர்ப்புச் சொல்ல அவசரப்படாதீர்கள். இருபது வருடமாக நாய்களையும் மனிதர்களையும் பார்த்துப் பழகிய ஜெசிந்தாவே திணறிப்போன விவகாரம் இது.

தூத்துக்குடியில், தெருவில் விடப்பட்ட நாய்களை எடுத்துவந்து தேற்றி, நல்ல வீடாகப் பார்த்துக் கொடுப்பவள் ஜெசிந்தா. நான்கு மாதத்துக்கு முன்னால், புறவழிச்சாலையில் உள்ள ஒரு மரக்கடையின் காவலாளி அவளிடம் ஒரு வெள்ளைப் பொமரேனியனைக் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு வயதுகூட நிறையாத பெண் நாய். கையில் எடுத்தால் கனமே தெரியவில்லை. பொரி என்று பெயர் வைத்தாள். பொரி யாரையும் பார்த்துக் குரைக்காது. மற்ற நாய்கள் தின்று முடிக்கும்வரை ஒதுங்கி நிற்கும். ஒன்று மட்டும்தான் வினோதம்: பிஸ்கட்டை நீட்டினால் அதைத் தொடாது, நீட்டியவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நடுங்கும்.

ஏன் என்று ஜெசிந்தாவுக்குத் தெரியும். மரக்கடைக் கேமராவில் பதிவானதைக் காவலாளி அவள் போனுக்கு அனுப்பியிருந்தார். ஸ்கூட்டரில் வந்த ஒருவன் ஹெல்மெட்டைக் கழற்றுகிறான். நாயை இறக்கிவிட்டு, பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்து அதன் முன்னால் கொட்டுகிறான். தலையைத் தடவுகிறான். அது தின்னக் குனிந்ததும் வண்டியைக் கிளப்பிவிடுகிறான். நாய் நிமிர்ந்து பார்த்து, லாரிகளுக்கு நடுவே அவன் பின்னால் ஓடுகிறது. அந்த முகம் ஜெசிந்தாவின் மனதில் பதிந்துபோயிருந்தது.

பொரியைக் கேட்டு வந்தவர் மார்சலின் அண்ணாச்சி. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர், மனைவியை இழந்தவர். ஞாயிறுதோறும் வந்து தரையில் உட்கார்ந்து, அவித்த முட்டையைப் பிய்த்துப் பிய்த்துக் கொடுப்பார். ஐந்தாவது ஞாயிறு, பொரி அவர் மடியிலேயே தூங்கிவிட்டது.

"அடுத்த வாரம் வந்து கூட்டிட்டுப் போங்க அண்ணாச்சி" என்று ஜெசிந்தா வாக்குக் கொடுத்தாள்.

அவரும் சொன்னபடி ஒரு பிரம்புக் கூடையோடு வந்து உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் ஒரு பெண் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடிவந்தாள்.

"அம்மு!"

நான்கு மாதமாகச் சத்தமே போடாத பொரி ஊளையிட்டது. பாய்ந்துபோய் அவள் மேல் ஏறி, முகமெல்லாம் நக்கியது. அவள் பெயர் தமயந்தி. வீடு தேடும் நாய் என்று ஜெசிந்தா போட்டிருந்த படத்தை முந்தின நாள்தான் போனில் பார்த்திருக்கிறாள். தடுப்பூசி அட்டை, குட்டியாக இருந்தபோது எடுத்த படங்கள் எல்லாம் கையில் இருந்தன.

"வாசல் கேட்டு திறந்திருந்தப்போ அம்மு ஓடிப்போயிட்டான்னு இவங்க சொன்னாங்க. அன்னையிலேர்ந்து தேடாத தெரு இல்லக்கா" என்றாள்.

ஜெசிந்தாவுக்குக் கண் கலங்கியது. இவங்க என்று அவள் சொன்ன ஆளைத் திரும்பிப் பார்த்தாள். தமயந்தியின் கணவன் சண்முகவேல் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றியபடி உள்ளே வந்துகொண்டிருந்தான்.

அதே முகம்.

அதைவிடப் பெரிய அதிர்ச்சி அடுத்து வந்தது. பொரி தமயந்தியின் கையிலிருந்து குதித்து, அவனிடமும் ஓடியது. வாலை ஆட்டி ஆட்டி, அவன் காலடியில் மல்லாந்து படுத்தது.

ஜெசிந்தா போனை எடுத்து, அந்தப் பதிவை ஓடவிட்டு, தமயந்தியிடம் நீட்டினாள். தமயந்தி ஒரு முறை பார்த்தாள். நம்பாமல் மறுபடி பார்த்தாள்.

"என்கூட வந்து நோட்டீஸ் ஒட்டினீங்களே" என்றாள். சத்தம் போடவில்லை. "பசை வாளியை நீங்கதானே தூக்கிட்டு வந்தீங்க."

சண்முகவேல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "ரெண்டு தடவை மூச்சு அடைச்சு ஆஸ்பத்திரியில கெடந்தே. நாய் முடி உனக்கு ஆகாதுன்னு டாக்டர் சொன்னாரு. யார்கிட்டயாவது குடுத்துருவோம்னு எத்தனை தடவை கெஞ்சினேன்? கேட்டியா நீ? அம்மு போனப்புறம் ஒரு தடவையாவது மூச்சு முட்டுச்சா சொல்லு."

தமயந்தி மறுக்கவில்லை. அது அத்தனையும் உண்மை. ஆனாலும் அழுதபடியே நாயை வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். "எனக்கு என்ன வேணா ஆகட்டும். இவ என்கூடத்தான் வருவா."

"அவகிட்ட குடுத்துராதீங்க மேடம்" என்று சண்முகவேல் கைகூப்பினான்.

மார்சலின் அண்ணாச்சி கூடையை ஓரமாகத் தள்ளி வைத்தார். "அந்தப் பிள்ளை இப்படி அழுது. நான் எப்படித் தூக்கிட்டுப் போவேன்? அதுகிட்டயே குடுத்துரும்மா. நீ சொன்ன வாக்கை நான் பெருசா எடுத்துக்கல."

மூன்று பேரும் ஜெசிந்தாவின் முகத்தையே பார்த்தார்கள்.

வளர்த்தவள், எந்தத் தப்பும் செய்யாதவள், கேட்கிறாள். வாக்குப் பெற்றவர் விட்டுக் கொடுக்கிறார். விட்டுவிட்டுப் போனவன் வேண்டாம் என்கிறான். பொரியை யாரிடம் கொடுப்பது சரி?

*

ஜெசிந்தா பொரியை மார்சலின் அண்ணாச்சியிடம்தான் கொடுத்தாள். வாக்குக்காக அல்ல, வாக்கை அவரே திருப்பித் தந்துவிட்டார். தமயந்தியின் பாசத்திலும் அவளுக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் தமயந்திக்கு இன்னொரு முறை மூச்சு முட்டினால், மனைவியா நாயா என்று அந்த வீடு மறுபடியும் முடிவெடுக்க வேண்டி வரும். அன்றைக்குத் தோற்கப்போவது யார் என்பது பதிவிலேயே இருக்கிறது. இதைக் கேட்ட தமயந்தி நாயின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். பிறகு தானே நாயைக் கூடைக்குள் இறக்கிவிட்டாள். இப்போது மாதம் ஒருமுறை அண்ணாச்சி வீட்டுக்குப் போய், வெளியில் காற்றாட உட்கார்ந்து அதைக் கொஞ்சிவிட்டு வருகிறாள். ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று சண்முகவேல் ஒவ்வொரு முறையும் கேட்கிறான். அவள் பஸ்ஸில்தான் போகிறாள்.