நஞ்சப்பன் தேய்த்த விளக்கு

“இனிமே நான் வண்டி ஓட்டலீங்கம்மா. என் வண்டிச் சாவியை உங்ககிட்டக் குடுத்துட்டுப் போலாம்னு வந்தேன்.”

சொல்லிவிட்டு நஞ்சப்பன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். உள்ளே வரைக்கும் நடக்கத் தெம்பில்லை.

சாரதாமணி காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார். கல்லூரி ஒன்றில் டைப்பிஸ்ட். நஞ்சப்பனைவிடப் பதினான்கு வயது இளையவர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழெட்டுப் பேர் அவர் வீட்டுக்கு வந்து சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, கொஞ்சம் இலேசாகித் திரும்பிப் போவார்கள். ஆறு வருடமாக நஞ்சப்பனும் வருகிறார். அத்தனை வருடத்தில் சாரதாமணி பேசியதை எழுதினால் ஒரு பக்கம் தேறாது.

“ராத்திரி தூங்கறீங்களா?”

“இல்லீங்க.”

“என்ன நடந்துச்சு?”

“அதான் ஊருக்கே தெரியுமேங்க. மூடுபனி.”

இருபது நாளைக்கு முன்னால் விடியற்காலை. ரயிலுக்குப் போகிறவர்களை ஏற்றிவர நஞ்சப்பன் டாக்சியை எடுத்துக்கொண்டு மலையடிவாரச் சாலையில் போனார். வளைவில் சைக்கிளில் வந்த பால்காரர் திருமூர்த்தியை இடித்துவிட்டார். கேனெல்லாம் உருண்டது. திருமூர்த்தியின் வலது கால் இரண்டு இடத்தில் முறிந்தது.

போலீஸ்காரர் பனி என்று எழுதிக்கொண்டார். டாக்சி ஸ்டாண்டில் பனி என்றார்கள். திருமூர்த்தியின் மச்சான்கூட, “பனிக்கு யார் என்ன பண்ண முடியும்?” என்று சொல்லிவிட்டார். ஒருத்தர்கூட ஒரு வார்த்தை ஏசவில்லை.

நஞ்சப்பனும் கேட்டவருக்கெல்லாம் அதையே சொன்னார். ஒவ்வொரு தடவையும் நாக்கு வறண்டது. இப்போது சாப்பிட உட்கார்ந்தாலே அலுப்பாக இருந்தது.

சாரதாமணி சாவியை வாங்கவில்லை.

“வண்டி எங்க நிக்குது?”

“வெளியதானுங்க.”

சாரதாமணி எழுந்து போய் வண்டியின் முன்னால் நின்றார். முன்விளக்குகள் இரண்டும் மஞ்சளாகப் படலம் பிடித்து, புரை விழுந்த கண் மாதிரி இருந்தன.

“தினமும் கழுவறனுங்க. அது அழுக்கில்லீங்க. வெயிலு குடிச்சு மங்குனது.”

“துணி இருக்குங்களா?”

“டிக்கியில பாருங்க.”

சாரதாமணி டிக்கியைத் திறந்தார். துணிக்கு அடியில் ஒரு கவர். அதில் மூன்று விதமான உப்புத்தாள், டேப் சுருள் ஒன்று, பாலிஷ் டப்பா ஒன்று, மேலே பூசுகிற பூச்சு ஒன்று. கவரில் அடித்திருந்த ஸ்டேப்ளர் பின்கூடப் பிரிக்கப்படவில்லை.

கவரை நஞ்சப்பன் கையில் வைத்தார்.

“ஒர்க்‌ஷாப்புல லைட்டைத் தேய்க்கச் சொன்னாங்க, வாங்குனேன். ரெண்டு வருசமாச்சுங்க. நேரம் வாய்க்கல.”

சாரதாமணி உள்ளே போய் ஒரு குவளையில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்.

நஞ்சப்பன் குத்துக்கால் வைத்து உட்கார்ந்தார். பெயின்ட் கீறாமலிருக்க வலது விளக்கைச் சுற்றி டேப் ஒட்டினார். முரட்டுத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

விளக்கிலிருந்து வெள்ளையாகத் தண்ணீர் வழிந்தது. பம்பரில் இறங்கித் தரையில் ஓடியது.

அவர் கை நின்றது.

அன்றைக்கும் தார்ச்சாலையில் இப்படித்தான் பால் ஓடியது.

“கை ஓஞ்சு போச்சுங்க” என்றார்.

“உட்கார்ந்துட்டு அப்புறம் தேயுங்க.”

உட்கார்ந்தார். தேய்த்தார். மறுபடி உட்கார்ந்தார். தண்ணீர் விட்டுத் துடைத்துப் பார்த்தபோது விளக்கு முழுக்க வெளுத்து, உள்ளே பல்பு இருப்பதே தெரியவில்லை.

“கெட்டுப்போச்சுங்கம்மா. இருந்ததும் போச்சு.”

“அடுத்த தாளை எடுங்க.”

அடுத்தது கொஞ்சம் மிருதுவான தாள். அதற்கடுத்தது துணிபோல வழவழப்பு. தோள்பட்டை கடுத்தது. முழங்கால் மரத்துப்போனது. பாலிஷைத் தடவித் துடைத்தபோது அந்தி சாய்ந்திருந்தது. கடைசிப் பூச்சைப் பூசி, காயட்டும் என்று அந்தப் படியிலேயே சாய்ந்தார். சாரதாமணி டீ கொண்டுவந்து கொடுத்தார். இருவரும் குடித்தார்கள்.

“லைட்டைப் போடுங்க.”

“இடதுபக்கம் இன்னும் தேய்க்கலீங்களே.”

“ரெண்டையும் போடுங்க.”

போட்டார்.

எதிரே காம்பவுண்டுச் சுவர். வலது விளக்கு பட்ட இடத்தில் ஒவ்வொரு செங்கலும் தனித்தனியாகத் தெரிந்தது. காரைப் பிளவில் ஊர்ந்துகொண்டிருந்த எறும்புகளை எண்ணலாம்.

இடது விளக்கின் வெளிச்சம் சுவருக்கே போய்ச்சேரவில்லை. சாயம்போன வேட்டி மாதிரி தரையில் கிடந்தது.

நஞ்சப்பன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

“அம்மா.”

“ம்.”

“அன்னைக்குப் பனி அவ்வளவு இல்லீங்க.”

திரும்பிப் பார்த்தார். சாரதாமணி முந்தானையைச் செருகிக்கொண்டு, நனைத்த தாளோடு இடது விளக்கின் முன் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்திருந்தார்.

நஞ்சப்பன் விளக்குகளை அணைத்துவிட்டுக் குவளையைப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார்.

மறுநாள் காலை, வண்டியைச் சாரதாமணி வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டு அவர் திருமூர்த்தி வீட்டுக்கு நடந்தே போனார்.

திருமூர்த்தி கட்டிலில் மாவுக்கட்டோடு கிடந்தார். அவர் மனைவி சரசாள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். நஞ்சப்பன் உட்காரவில்லை.

“பனி இல்லீங்க. லேசா இருந்துச்சு, அவ்வளவுதான். என் லைட்டு மங்கிப்போயிருந்துச்சு. தேய்க்கணும்னு ரெண்டு வருசமாத் தெரியும். தேய்க்கல. நேத்துத்தான் தேய்ச்சேன்.”

சரசாள் நாற்காலியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

“இதைச் சொல்ல இருபது நாளா?” அவள் குரல் மட்டும் வந்தது.

திருமூர்த்தி சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நஞ்சப்பன் நின்றார். போகச் சொன்னால் போகலாம். அவர்கள் அதுவும் சொல்லவில்லை.

திருமூர்த்தி சுவரைப் பார்த்தபடியே பேசினார்.

“திங்கக்கிழமை கட்டு மாத்தணும். எனக்கு பஸ் ஏற முடியாது. விடியக்காலை அஞ்சு மணிக்கெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போனாத்தான் டோக்கன் கிடைக்கும். வண்டியக் கொண்டா.”

நஞ்சப்பன் கட்டிலருகே வந்தார்.

“நான் ஓட்டறத விட்டுட்டனுங்க” என்றார்.

திருமூர்த்தி இப்போதுதான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தார்.

“பின்ன எதுக்கய்யா தேய்ச்சே?”